ஏழு நிமிட விழிப்பு

ஜூன் 11, செவ்வாய்

காலை ட்யூட்டி. வந்ததும் வராததுமாக முறிவு மருந்துத் தட்டைச் சரிபார்த்தேன். பூச்சிமருந்துக்கு அட்ரோபின், பாம்புக்கடி மருந்து, அபின் வகைக்கு நலாக்சோன், தூக்க மாத்திரைக்கு ஃப்ளூமசெனில். கடைசியது இரண்டே குப்பி, ஆகஸ்டில் காலாவதி. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் அதை நான் உடைத்தது நாலைந்து தடவை இருந்தால் அதிகம். வீணாய்ப் போனால் என் தலையில்தான் விடியும்.

பதினொன்றே காலுக்கு ஆட்டோவில் ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பொன்செல்வி, வயது இருபத்துநாலு, எல்.கே.ஜி. டீச்சர். கூட அவள் அம்மா சண்முகவடிவு மட்டும். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம். கிள்ளினாலும் முகம் சுளிக்கவில்லை. மூச்சு இருந்தது. நாடி நூற்று முப்பது.

டாக்டர் இளம்பரிதி இருந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர், ஒப்பந்த வேலை, சேர்ந்து எட்டு மாதம். ஊசி போடுமுன் நோயாளியிடம் "ஒரு நிமிஷம் வலிக்கும், மன்னிச்சுக்கங்க" என்பார். மயக்கத்தில் கிடப்பவரிடமும் சொல்வார். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

சர்க்கரை சரியாக இருந்தது. நலாக்சோன் போட்டார், அசைவில்லை. அம்மா ஒரு காலி மாத்திரை அட்டையைக் கொடுத்தாள். வீட்டுக்காரருடைய தூக்க மாத்திரை, தலைவலி மாத்திரை என்று நினைத்து மகள் போட்டிருப்பாள் என்றாள். டாக்டர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார்.

"இப்ப ஒரு ஊசி போடுவேம்மா. தூக்க மாத்திரைதான்னா ரெண்டு நிமிஷத்துல முழிச்சுடுவாங்க. முழிக்கலன்னா காரணம் வேற, தொண்டையில குழாய் போட்டு திருநெல்வேலிக்கு ஸ்கேனுக்கு அனுப்பணும்."

ஈ.சி.ஜி. மிஷின் மாடியில் பரிசோதனை முகாமில் இருந்தது. அது வருமுன்பே போட்டுவிட்டார். இளரத்தம், அவசரம்.

அவள் விழித்தாள். கண்ணைத் திறந்து, "அம்மா, ஸ்கூல் வேன் போயிட்டா?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். டாக்டர்தான் அதிகம் சிரித்தார். ஏழு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் வலிப்பு வந்தது. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. நடுவில் ஒரு தடவை இதயம் நின்று திரும்ப ஓடியது. இப்போது ஐ.சி.யு.வில் மிஷின் மூச்சில் இருக்கிறாள்.

பெண்ணின் கைப்பையைச் சோதித்தது நான்தான். பையில் வேறு எதுவும் இருக்கவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 12, புதன்

ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்க எடுத்துப்போகும் வண்டி ஒன்பதரைக்கு வந்து, மஞ்சள் பைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஜூன் 13, வியாழன்

சூப்பரின்டெண்டென்ட் கோயில்பிள்ளை சார் எமர்ஜென்சிக்கே இறங்கி வந்து, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் டாக்டரைப் பிடித்து உலுக்கிவிட்டார். கையில் ஈ.சி.ஜி. தாள்.

"இதைப் பாரு. கோடு எவ்வளவு அகலமா இருக்கு. தூக்க மாத்திரைக்கு இப்படி வருமா? கூட வேற எதையோ சாப்பிட்டிருக்கா. மனச்சோர்வுக்குக் குடுக்கிற பழைய மாத்திரை மாதிரி இருக்கு. அது வலிப்பைக் கொண்டுவரும். தூக்க மாத்திரைதான் அதை அமுக்கி வச்சிருந்துச்சு. நீ ஊசி போட்டு அமுக்கினதை எடுத்துட்டே. வலிப்பை நிறுத்துற மருந்தும் அதே ஜாதிதான், அதையும் உன் ஊசி வேலை செய்ய விடல."

"அவங்க முழிச்சாங்க சார்."

"முழிச்சா? தூக்க மாத்திரை சாப்பிட்டிருக்கான்னுதானய்யா அர்த்தம். அது மட்டுந்தான் சாப்பிட்டான்னு அர்த்தமா?"

டாக்டர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே இரண்டாம் தடவை அடுக்கினேன்.

கோயில்பிள்ளை சார் அன்று வந்து அந்தத் தாளைப் பார்க்க நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. பார்த்தவுடன் சோடா பைகார்பனேட் போடச் சொன்னார். அதற்கப்புறம்தான் இதயத் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. முன்னாடியே போட்டிருந்தால் இதயம் நின்றே இருக்காது என்றார்.

வீட்டுக்கு வந்து யூனிஃபார்ம் கோட்டை மூன்று தண்ணீரில் அலசினேன். குழாயில் தண்ணீர் வருவதே ஒரு மணி நேரம், அதில் இது வேறு.

ஜூன் 15, சனி

சண்முகவடிவைக் கூப்பிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வேறு மாத்திரையே வீட்டில் கிடையாது என்று சாதித்துவிட்டாள். வெளியே வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.  முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலல்லா? எம்புள்ள எந்திரிச்சு வந்துருவா. வந்த பொறவு அவளுக்கு ஒரு வாழ்க்கை வேணும்லாம்மா."

"ஒண்ணும் சொல்லல," என்றேன்.

ஆவணியில் பொன்செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளையின் அக்கா வேறு யாருமில்லை, எங்கள் லேபில் இருக்கிற தங்கேஸ்வரிதான். அவள் மணிக்கொருதரம் ஐ.சி.யு.வுக்கு ஓடுகிறாள். இன்று சீப்பு கொண்டுவந்து, குழாய்களுக்கு நடுவில் அந்தப் பெண்ணின் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்க வரிசை நகர்ந்தபோது உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்து வீட்டு செலஸ்டின் என்ன உடம்புக்கு என்று கேட்டாள். முழங்கால் வலி என்றேன். முழங்காலும் வலிக்கத்தான் செய்கிறது.

மத்தியானம் மகள் ஜெனோவாவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமையிலும் அப்படி என்ன வேலையோ. ஊளி மீன் வாங்கிக் குழம்பு வைத்து, ஒரு ஆளுக்கு அது அதிகம் என்று வைத்த பிறகுதான் தோன்றியது.

அவள் கதையை இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று இருந்தேன். அவள் அப்பா இறந்த வருஷம் அவள் தூக்கமில்லாமல் கிடந்தாள், மனநல டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள், சரியாகிவிட்டாள். மாத்திரைச் சீட்டு எப்படியோ அவளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போயிற்று. கோயிலில் கல்யாண ஓலை வாசித்த பிறகு, பந்தல்காரனுக்குச் சொன்ன பிறகு, வேண்டாம் என்றார்கள். "உன் ஆஸ்பத்திரியில இருந்துதாம்மா போயிருக்கு" என்று அவள் சொன்னாள். இருக்கலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் ஃபைல் ரூமைப் பூட்டி வைத்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 18, செவ்வாய்

டாக்டர் இளம்பரிதியை ட்யூட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. ஆனாலும் தினமும் வந்து ஐ.சி.யு. வாசலில் நிற்கிறார். இன்று என்னிடம் கேட்டார்.

"நான் எதுனா தவறவிட்டுட்டேனா சிஸ்டர்? நாடி நூத்தி முப்பது இருந்துச்சுல்ல. தோல் வறண்டிருந்துச்சு. அப்பவே எனக்கு உறுத்துச்சு."

"வெயில்ல ஆட்டோல வந்த பிள்ள டாக்டர்," என்றேன்.

"அன்னிக்கும் நீங்க இதைத்தான் சொன்னீங்க. எனக்கும் சரின்னு பட்டுச்சு."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். ஏழு நாளாக இந்த நோட்டை ஏமாற்றியது போதும். இதைப் படிக்க வேறு யார் வரப் போகிறார்கள்.

அன்று கைப்பையில் வேறு எதுவும் இல்லாததற்குக் காரணம், அதில் இருந்ததை அதற்குமுன்பே சண்முகவடிவு எடுத்து என் கையில் திணித்துவிட்டாள். திரைக்குப் பின்னால், நான் பிள்ளையின் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. இன்னொரு காலி அட்டை. மடக்கி, மருந்துக்கடைக் கவருக்குள் இருந்தது. கவரில் திருநெல்வேலி மனநல டாக்டர் பெயர்.

"இதை மட்டும் எழுத்துல கொண்டுவந்துராதீங்கம்மா. ரத்தம் லேபுக்குப் போவும்லா, அந்தச் சீட்டுல எழுதுவீங்கள்லா, அங்க மாப்பிள்ளையோட அக்கா இருக்காவ. பாத்தா கல்யாணம் நின்னுரும். நீங்களும் ஒரு பொம்பளப் புள்ளயப் பெத்திருப்பீங்க."

எனக்குப் பெண் இருப்பது அவளுக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். நான் அட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டரிடம் காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அவர் எதையும் கேஸ் தாளில் எழுதாமல் விடுகிற ஆளில்லை. எழுதினால் லேபுக்குப் போகும். அவர் கேட்டார், "சிஸ்டர், வேற எதுனா அட்டை இருந்துச்சா? நல்லா பாத்தீங்களா?" ஊசியில் மருந்தை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஈ.சி.ஜி. வரட்டுமா என்றும் என்னைத்தான் கேட்டார். "இல்ல டாக்டர், அந்த ஒண்ணுதான். போடுங்க," என்றேன். அந்த இரண்டாவது மாத்திரையும் ஏதோ தூக்கத்துக்கானது என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ், பெயரைப் படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அவள் விழித்ததும் எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. பார், தூக்க மாத்திரைதான், விழித்தாயிற்று, பையிலிருப்பது இனி யாருக்கும் தேவையில்லை என்று நினைத்தேன். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

ஜூன் 19, புதன்

நேற்று முழுவதையும் எழுதவில்லை.

வலிப்பு தொடங்கியதும் எல்லோரும் ஓடினார்கள். நான் கோட்டுப் பையில் கையை விட்டு, அட்டையை எடுத்துப் பெயரைப் படித்தேன். அப்போதுதான் படித்தேன். மனச்சோர்வு மாத்திரை. அந்த நிமிஷம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும். சோடா பைகார்பனேட் என் இடது கைப்பக்கத்து அலமாரியிலேயே இருந்தது. நான் கட்டிலைச் சுற்றிப் போய், அட்டையை ரத்தப் பஞ்சோடு சேர்த்து மஞ்சள் பையில் போட்டேன். அப்புறம் வந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

கோயில்பிள்ளை சார் தானாகக் கண்டுபிடிக்க நாற்பது நிமிஷம்.

ஜூன் 20, வியாழன்

மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். பொன்செல்வி கண்ணைத் திறந்திருக்கிறாள். அவ்வளவுதான். கையை முகத்துக்கு நேரே ஆட்டினால் இமை அசைவதில்லை. சண்முகவடிவு மட்டும், "என்னைப் பாக்கா, பாத்தீங்களா, என்னைப் பாக்கா," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஆமாம் என்றேன். ஐ.சி.யு. டாக்டர் இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 22, சனி

கான்டீனில் தங்கேஸ்வரி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். டீயை ஆற்றிக்கொண்டே அழுதாள்.

"பெரிய சார் சொன்ன மாத்திரை எதுன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். நேத்து சார்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு வருஷமா சாப்பிடுதா. பூ வைக்கிறதுக்கு முன்னாடியே எந்தம்பிகிட்ட அவளே சொல்லிட்டா. அவனும் எங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டான். அதுல என்ன இருக்குன்னு அம்மாகூடச் சொன்னாவ. அவ அம்மாவுக்குத்தான் நாங்க தெரிஞ்சுகிட்டது தெரியாது. பாவம், பயந்துகிட்டே இருந்திருக்காவ."

என் டம்ளரை மேஜையில் வைத்தேன். டீ கொட்டிவிட்டது. அவள்தான் துடைத்தாள்.

கல்யாணப் பேச்சு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டேன். "இப்ப அதையா பேசுவோம்? தம்பி தினம் வந்து பாத்துட்டுப் போறான்," என்றாள்.

இத்தனைக்கும் அன்று மாத்திரைகளை மொத்தமாக ஏன் சாப்பிட்டாள் என்று எங்களுக்கு இன்னமும் தெரியாது. அதைச் சொல்லத்தான் அவளால் முடியாது.

ஜூன் 24, திங்கள்

விசாரணை நடந்தது. கோயில்பிள்ளை சார், நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர், டாக்டர் இளம்பரிதி, நான். காலையில் சேலையை மடிப்பு வைக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். எழுந்து நின்று சொன்னேன்.

"ரெண்டாவது அட்டை எங்கிட்டதான் இருந்துச்சு சார். அந்த அம்மா தந்தாவ. டாக்டர் கேட்டப்ப நான் இல்லன்னு சொன்னேன். தப்பு எம்மேலதான்."

 கோயில்பிள்ளை சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த அட்டை இப்ப எங்க?"

இதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். மஞ்சள் பை என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது.

"தொலைஞ்சு போச்சு சார்."

அவர் சண்முகவடிவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் என்னைப் பார்க்காமல், "நான் யாருட்டயும் ஒண்ணும் குடுக்கலய்யா," என்றாள். பிள்ளைக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும் நேரம் என்று சொல்லிப் போய்விட்டாள்.

"அமலோற்பவம் சிஸ்டர்," என்றார் சார். என் முழுப் பெயரை அவர் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. "அந்தப் பொண்ணு என்ன மாத்திரை சாப்பிட்டான்னு தங்கேஸ்வரி சொல்லி இப்ப ஆஸ்பத்திரிக்கே தெரியும். அதை வச்சு நீங்க ஒரு கதை கட்டுறீங்க. இந்தப் பையன் வேலை போகக் கூடாதுன்னு பாக்குறீங்க. உங்க மனசு புரியுது. உட்காருங்க."

உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

ட்யூட்டி முடிந்து கோட்டைக் கழற்றும்போது டாக்டர் இளம்பரிதி வந்தார். கையில் ஒரு தாள். எதிர்ப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சவரம் செய்திருந்தார், முகம் கொஞ்சம் தெளிவாகவும் இருந்தது. 

"நேத்து நீங்க எழுந்து நின்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு சிஸ்டர். எங்க அம்மாகூட எனக்காக இப்படிப் பொய் சொல்ல மாட்டாங்க."

"பொய் இல்ல டாக்டர். நெசமாவே தந்தாவ. எங்கிட்ட இருந்துச்சு."

"போதும் சிஸ்டர்." சிரித்தார். "உங்களை எனக்குத் தெரியாதா? காலாவதி தேதியைத் தெனம் பாக்கிற ஆளு நீங்க. அட்டையை வச்சுகிட்டு இல்லன்னு சொல்லுவீங்களா?"

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அவருடைய விளக்கக் கடிதம். வேலையை விட்டுவிட்டாராம், ஊரில் போய் இருக்கப் போகிறாராம், இனி எமர்ஜென்சி பக்கமே வருவதில்லையாம். கடிதத்தில் மூன்றாவது பத்தி இப்படி இருந்தது: "நோயாளி வேறு மாத்திரை எடுத்துக்கொண்டாரா என்று செவிலியரிடம் கேட்க நான் தவறிவிட்டேன். செவிலியர் அமலோற்பவம் மீது எந்தத் தவறும் இல்லை."

"நீங்க கேட்டீங்க டாக்டர்," என்றேன்.

"கேட்டேன்தான். ஆனா கேட்டேன்னு எழுதினா, அப்ப சிஸ்டர் என்ன சொன்னாங்கன்னு உங்களை இழுப்பாங்க. நேத்து நீங்க பேசினதையும் சேர்த்து முடிச்சுப் போடுவாங்க. ரிட்டையர் ஆகிற நேரத்துல உங்களுக்கு எதுக்கு? எனக்காக நீங்க ஒண்ணு சொன்னீங்க. உங்களுக்காக நான் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். சாட்சின்னு இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

மஞ்சள் பையைச் சொன்னால் நம்பிவிடுவார். மாத்திரையின் பெயரை எந்த நிமிஷத்தில் படித்தேன் என்று சொன்னால் நம்பிவிடுவார். அப்புறம் என்னை இப்படிப் பார்க்க மாட்டார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. பொன்செல்வியை வீட்டுக்கு எடுத்துப் போவதற்காக. ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை தன் தம்பியான மாப்பிள்ளையோடு சேர்ந்து தங்கேஸ்வரி பிடித்திருந்தாள். சண்முகவடிவு தலைமாட்டில் குடை பிடித்துக்கொண்டு, வெயில் முகத்தில் படாமல் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

டாக்டர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். "மன்னிச்சுக்கங்க," என்று அங்கிருந்தே சொன்னார். அவளுக்குக் கேட்டிருக்காது.

அவர் பேனா மேஜைமேல் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கீழே பெயரை எழுதித் தேதியும் போட்டேன். அவர் திரும்பி வந்து தாளை எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது.